பேர் வைக்காத புயல்கள்

டெல்லியில் மே பிறந்தால் எல்லோரும் வெயிலைப் பற்றித்தான் பேசுவார்கள். பேசட்டும், தப்பில்லை. 2024 மே 29 அன்று டெல்லியின் முக்கிய வானிலை நிலையமான சஃப்தர்ஜங்கில் 46.8 டிகிரி, அதற்கு மேல் ஒரு எண் வேண்டுமென்றால் 1944 மே 29 வரை பின்னால் போக வேண்டும், அன்றைக்கு 47.2. அதே 2024 மே 29இல் டெல்லி ஓரத்தில் இருக்கும் முங்கேஷ்பூரில் 52.9 என்று ஒரு எண் வந்து நாடே வாய் பிளந்தது, அப்புறம் கருவியே 3 டிகிரி கூட்டிக் காட்டியிருக்கிறது என்று வானிலைத் துறை விளக்கம் கொடுத்தது. ஆனால் நம் ஊர்க்காரர்கள் யாராவது மாற்றலாகிப் புதிதாக இங்கே வந்தால் நான் வெயிலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அது அவர்களுக்கே இரண்டு நாளில் தெரிந்துவிடும். காற்றைப் பற்றித்தான் சொல்வேன்.

டெல்டா பக்கம் வளர்ந்தவர்களுக்குப் புயல் என்றால் ஒரு முறை இருக்கிறது. முதலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, அப்புறம் தாழ்வு மண்டலம், அப்புறம் அதற்கு ஒரு பேர், துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு, டிவியில் சுழலும் படம். நாலு நாள் முன்னாலேயே அரிசி, மெழுகுவத்தி, மண்ணெண்ணெய் எல்லாம் வாங்கி வைத்துவிடலாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது எங்கள் சனத்துக்கு இருந்த தென்னை எல்லாம் போனது, ஆனால் வருகிறது என்று தெரியாமல் யாரும் இல்லை. இங்கே அந்தப் பேச்சே கிடையாது. இங்கே அடிப்பதை ஆந்தி என்பார்கள். அதற்குப் பேர் வைக்க நேரம் இருக்காது. ரேடார் பார்த்து வானிலைத் துறை கொடுக்கும் அவசர எச்சரிக்கை அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கானது. மாடியில் நின்று கண்ணால் பார்க்கிறபோது பத்து நிமிஷம் இருந்தால் அதிகம்.

அம்மாவிடம் போனில் சொன்னால் நம்பவே மாட்டாள். "அங்கதான் கடலே இல்லையே தம்பி, புயல் எங்கேருந்துடா வரும்?" நியாயமான கேள்விதான்.

கடல் இல்லை, ஆனால் சூடு இருக்கிறது. மத்தியதரைக் கடல் பக்கம் கிளம்பி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக மேல்மட்டத்தில் குளிர்ந்த காற்றோடு ஒரு அலை வரும், செய்தியில் மேற்கத்திய இடையூறு என்று வாசிப்பார்களே, அதுதான். கீழே தரை 42, 43 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் வங்காள விரிகுடாவிலிருந்தோ அரபிக்கடலிலிருந்தோ கொஞ்சம் ஈரமும் வந்து சேர்ந்துவிட்டால் போதும், மதியத்துக்குமேல் இடிமேகம் 12 கிலோமீட்டர், அதற்கும் மேலே என்று எழும்பிவிடும். அதிலிருந்து விழுகிற மழை கீழே உள்ள வறண்ட காற்றுக்குள் வரும்போதே பாதி ஆவியாகிறது. ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் சூட்டை எடுத்துக்கொள்கிறது, குளிர்ந்த காற்று கனத்துப்போய் நேரே கீழே பாய்கிறது. மொட்டை மாடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தால் தரையில் பட்டு நாலு பக்கமும் சீறுமே, அப்படித் தரையில் மோதிப் பக்கவாட்டில் ஓடுகிறது, ஓடுகிற வழியில் ராஜஸ்தான், ஹரியானாப் புழுதியை வாரிக்கொண்டு வருகிறது. அதனால்தான் மழைக்கு முன்னால் காற்று. சில நாள் காற்று மட்டும்தான், மழை என்று பார்த்தால் கார் கண்ணாடியில் அஞ்சு சேற்றுப் பொட்டு.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு கருவி உண்டு: கூலர். மேற்கிலிருந்து லூ என்கிற அனல்காற்று அடிக்கிற வரைக்கும் கூலர் ஜம்மென்று குளிரும், ஏனென்றால் காற்று காய்ந்து கிடக்கிறது. காற்று கிழக்குக்குத் திரும்பிவிட்டால் அதே கூலர், அதே தண்ணீர், ஆனால் அறை முழுக்கக் கசகசவென்று சென்னை மாதிரி ஆகிவிடும். கூலர் மக்கர் செய்கிறது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிற நாளில்தான் பெரும்பாலும் சாயங்காலம் ஆந்தி வரும். நம்பாதவர்கள் ஒரு சீசன் கவனித்துப் பாருங்கள்.

வருகிற விதமும் தனி. நாலரை மணி வாக்கில் மயூர் விஹாரில் எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் மேற்கே, யமுனைக்கு அந்தப் பக்கம், வானம் முதலில் மஞ்சளாகும். வெயில் இருக்கும், நிழல் இருக்காது. பருந்துகள் கூட்டமாக உயரத்தில் வட்டமடிக்கும். காற்று சுத்தமாக நின்றுவிடும், வேப்பமரத்தில் ஒரு இலை அசையாது. அப்புறம் அடிவானத்தில் பழுப்பாக ஒரு சுவர். அது நகர்கிறது என்பதே முதலில் தெரியாது, நடுவில் இருந்த கட்டடங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதை வைத்துத்தான் தெரியும். எதிர்வீட்டு மாமி வடாம் துணியை நாலு முனையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு "ஜன்னல், ஜன்னல்!" என்று கத்திக்கொண்டே படியிறங்குவார். அடுத்த நிமிஷம் யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மூடியோ மாடியில் உருண்டு விழும், கரண்ட் போகும், பல்லுக்கிடையில் மண் நறநறக்கும். இருபது நிமிஷத்தில் எல்லாம் முடிந்து, ஸ்வெட்டர் தேடலாமா என்கிற மாதிரி ஒரு குளிர்.

இதை மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் 2022 மே 30ஐப் பாருங்கள். சஃப்தர்ஜங்கில் காற்று மணிக்கு 100 கி.மீ., ஒன்றரை மணி நேரத்துக்குள் வெப்பம் 40இலிருந்து 25க்கு இறங்கியது. ஜாமா மசூதியின் நடு கும்மட்டத்தின் உச்சிக் கலசம் முறிந்து விழுந்தது அன்றைக்குத்தான். டெல்லி வாட்ஸாப் குழுக்களில் எல்லாம் "ஆஹா, என்ன குளிர்ச்சி" என்று பக்கோடா படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த பக்கோடா மேல் ஒரு கோபம் உண்டு, சரி, அதை விடுங்கள்.

அதற்கு முந்தைய பெரிய வருஷம் 2018. ஏப்ரல் 11ஆம் தேதி ஆக்ராவில் அடித்த காற்றில் தாஜ்மஹால் நுழைவாயிலின் சிறு மினார் சரிந்தது. மே 2 இரவு அடித்தது அதைவிடக் கொடுமை: உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் இரண்டிலும் சேர்த்து நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள், ஆக்ராவும் பரத்பூரும் அதிகம் அடிபட்டன. பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள், சுவரும் கூரையும் மேலே விழுந்து போனவர்கள். கஜாவில் இறந்தவர்கள் பட்டியலை நம் ஊரில் எத்தனை நாள் பேசினோம், இந்த நூறு பேரைப் பற்றி அடுத்த வாரம் யாரும் பேசவில்லை. பேர் இல்லாத புயலுக்கு ஆண்டு நினைவுகூட இருக்காது போலிருக்கிறது. பதினொரு நாள் கழித்து மே 13 அன்று டெல்லியிலேயே 109 கி.மீ. வேகம் பதிவானது.

கடல் புயல் ஒரு தடவை நிஜமாகவே இவ்வளவு தூரம் வந்தும் இருக்கிறது. 2021 மே 17 இரவு குஜராத்தில் கரையேறிய டவ்தே புயலின் மிச்சம் வடக்கே நகர்ந்து ஒரு மேற்கத்திய இடையூறோடு சேர்ந்துகொண்டது. மே 20 காலை வரையிலான 24 மணி நேரத்தில் டெல்லியில் 119.3 மி.மீ. மழை. அதற்கு முந்தின பகல் வெயில் அளவு 23.8 டிகிரிதான், மே மாதத்தில்! அம்மாவுக்கு அந்த ஒரு தடவை மட்டும் புரிந்தது.

2025 மே மாதம் முழுக்கவே விசித்திரம். 2ஆம் தேதி விடியற்காலை ஆறு மணி நேரத்துக்குள் 77 மி.மீ.; வழக்கமாக மே மாதம் முழுவதற்கும் சேர்த்தே 30 மி.மீ. அளவுதான் பெய்யும். நஜஃப்கர் பக்கம் வீட்டின்மேல் மரம் விழுந்து ஒரு தாயும் மூன்று குழந்தைகளும் போனார்கள். 21ஆம் தேதி ஆலங்கட்டி. டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் போய்க்கொண்டிருந்த விமானத்தின் மூக்கை ஆலங்கட்டி உடைத்ததும் அன்றைக்குத்தான், நல்லவேளை பத்திரமாக இறங்கியது. 25ஆம் தேதி மறுபடி 80 மி.மீ.க்கு மேல், மிண்டோ பாலத்தடியில் வழக்கம்போல ஒரு கார் முழுகியது. மாத மொத்தம் 186.4 மி.மீ., மே மாதத்துக்கு அதுவரை இல்லாத சாதனை.

இதற்கெல்லாம் முந்தியது, பழைய டெல்லித் தமிழர்கள் இன்னமும் சொல்வது, 1978 மார்ச் 17. வடக்கு டெல்லியில், பல்கலைக்கழகப் பகுதியில், நிஜமான சூறாவளிச் சுழல், அமெரிக்காவில் வருமே அந்த வகை. சில நிமிஷம்தான், குறுகலான ஒரு பாதைதான், 28 பேர் இறந்தார்கள், காயம்பட்டவர்கள் 700 பேர். கரோல் பாக்கில் அப்போது குடியிருந்த ஒரு பெரியவர், பஸ் புரண்டு கிடந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். பயமாக இருந்ததா மாமா என்று கேட்டேன். "பயப்படறதுக்குள்ள முடிஞ்சு போச்சேப்பா" என்றார்.

மரம் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் டெல்லிக்குள் ஆளைக் கொல்வதில் மரத்துக்குப் பெரிய பங்கு. இதில் காற்றை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமெண்டை எடுத்துவிட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இலேயே உத்தரவு போட்டது. எங்கள் தெருவில் போய்ப் பார்த்தால் வேம்பின் கழுத்து வரை டைல்ஸ். வேர் மூச்சுவிட வழியில்லை, மழைத்தண்ணீர் இறங்க வழியில்லை, ஒரு பக்க வேரைக் கேபிள் பதிக்கிறவர்கள் வெட்டியாகிவிட்டது. அது 80 கி.மீ. காற்றுக்கு விழாமல் என்ன செய்யும்? அதற்குக் கீழேதான் மோமோக் கடை, அதற்குக் கீழேதான் ரிக்‌ஷாக்காரர்கள் காற்றுக்கு ஒதுங்குகிறார்கள். புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: ஆந்தி வந்தால் மரத்தடி வேண்டாம், தகரக் கொட்டகை வேண்டாம், விளம்பரப் பலகை பக்கமே வேண்டாம், மெட்ரோ ஸ்டேஷனுக்குள் போய் நில்லுங்கள். போனில் தாமினி செயலி போட்டுக்கொள்ளுங்கள், மின்னல் எவ்வளவு பக்கத்தில் என்று காட்டும்.

மாங்காய்க்கும் இதுதான் காலம். லக்னோ பக்கம் மலிஹாபாத்தில் தசேரி ரக மாமரங்களில் பிஞ்சும் காயுமாகத் தொங்குகிற நேரத்தில் ஆந்தி அடித்தால் தோப்புக்காரர் வருஷ வருமானம் ஒரு ராத்திரியில் தரையில். அடுத்த இரண்டு நாளில் இங்கே தள்ளுவண்டி முழுக்க மாங்காய், பாதி விலை. மாமி அதை ஊறுகாய்க்கு வாங்கவே விடமாட்டார். விழுந்த காய் அடிபட்ட இடத்தில் கறுத்து, ஜாடியே கெட்டுவிடும் என்பார். சுட்டு, பிசைந்து, கறுப்பு உப்பும் சீரகமும் போட்டுப் பன்னா என்கிற மாங்காய்ப் பானம் செய்தால் குற்றமில்லை. ஒரு கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள், மூன்றாம் நாள் அழுகிவிடும்.