கடலோர வளாகத்தில் படிக்கப் போகிறவர்களுக்கு: முதலில் படகுத்துறைக்குப் போங்கள்

கடல் அறிவியலில் சேர்ந்த கையோடு பலரும் கேட்கிற கேள்வி, ஆய்வுக் கப்பலில் எப்போது ஏற்றுவார்கள், டைவிங் எப்போது சொல்லித்தருவார்கள் என்பதுதான். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. அந்த ஆசைதானே நம்மை இந்தப் படிப்புக்குக் கூட்டிவருகிறது. ஆனால் கடலோர வளாகத்திலேயே தங்கிப் படித்தவள் என்ற முறையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது வேறு. உங்கள் வளாகத்துப் படகுத்துறையில் தினமும் தண்ணீர் எடுத்துப் பதிவு செய்கிறவர் யார் என்று விசாரியுங்கள். அவரோடு போய் நில்லுங்கள். வாளியைப் பிடிக்கச் சொன்னால் பிடியுங்கள். கையால் செய்து கற்றுக்கொள்ளும் வாய்ப்பு என்று எதையெல்லாம் சொல்கிறார்களோ, அதில் எனக்கு அதிகம் கொடுத்தது இந்த வேலைதான்.

பார்க்க ரொம்பச் சாதாரணமான வேலை. நீரின் வெப்பநிலை, உப்புத்தன்மை, தெளிவு, கரைந்த ஆக்சிஜன் ஆகியவற்றை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே முறையில் எடுக்க வேண்டும். மறுநாளும் அதே. ஒரு வாரத்தில் சலிப்புத் தட்டும். இரண்டு மாதம் தாண்டினால் நிலைமை மாறும். மழைக்குப் பிறகு உப்புத்தன்மை எவ்வளவு சரிகிறது, மேகமூட்டமான நாட்கள் தொடர்ந்தால் ஆக்சிஜன் என்ன ஆகிறது என்பதெல்லாம் எண்ணைப் பார்த்ததும் உங்களுக்கே பிடிபட ஆரம்பிக்கும். கருவி தவறாகக் காட்டினாலும் "இது இன்றைய தண்ணீருக்கான எண் இல்லையே" என்று உடனே தட்டுப்படும். அந்த உணர்வைப் பாடப்புத்தகத்தில் இருந்து யாராலும் வரவழைக்க முடியாது.

இந்த வேலையின் மதிப்பு தெரிய வேண்டுமானால் பெரிய நிலையங்களின் பதிவுகளைப் பாருங்கள். கலிபோர்னியாவில் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தின் படகுத்துறையில் கடல்நீரின் வெப்பநிலையை 1916 முதல் தினமும் எடுத்து வருகிறார்கள். ஜெர்மனியின் ஹெல்கோலாந்து தீவில் 1962 முதல் வேலை நாள்தோறும் தண்ணீரும் மிதவை உயிரிகளும் (நீரோடு மிதக்கும் நுண்ணுயிரிகள், சிறு விலங்குகள்; பிளாங்டன் என்பதும் இவைதான்) சேகரிக்கப்படுகின்றன. இங்கிலாந்தின் பிளைமவுத்துக்கு வெளியே ஈ1 என்ற புள்ளியில் அளவீடு தொடங்கியது 1903-இல். கடல் சூடாகிறது என்று இன்று உறுதியாகப் பேச முடிகிறதென்றால், அதற்குப் பின்னால் இப்படி வாளியும் வெப்பமானியுமாக நின்ற தலைமுறைகளின் உழைப்பு இருக்கிறது. உங்கள் வளாகத்திலும் ஒரு பதிவேடு இருக்கும். அதில் உங்கள் கையெழுத்தில் ஒரு பக்கம் இருக்கட்டும்.

தெளிவை அளக்க ஒரு செக்கி தட்டு போதும். வானியல் அறிஞரான இத்தாலியப் பாதிரியார் ஆஞ்சலோ செக்கி 1865-இல் பரிசோதித்துப் பார்த்த கருவி அது. வட்டமான வெள்ளைத் தட்டு, அளவு குறித்த கயிறு, அவ்வளவுதான். நிழல் விழும் பக்கத்தில் நின்று இறக்குங்கள். தட்டு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொண்டு, மெல்ல மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் குறித்து, இரண்டுக்கும் சராசரி எடுங்கள். கூலிங் கிளாஸைக் கழற்றிவிடுங்கள்.

கரைந்த ஆக்சிஜனுக்கு இப்போது எல்லா இடத்திலும் மின்னணுக் கருவி வந்துவிட்டது. இருந்தாலும் ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஷ் விங்க்ளர் 1888-இல் வெளியிட்ட முறையைக் கையால் செய்து பழகுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். ரப்பர் குழாயைப் பாட்டிலின் அடிவரை விட்டு, தண்ணீர் ததும்பி வழியும்வரை நிரப்ப வேண்டும். ஒரு காற்றுக் குமிழி உள்ளே மாட்டிக்கொண்டாலும் அந்த மாதிரி வீண். அங்கேயே, படகில் இருந்தபடியே, மாங்கனீஸ் சல்பேட்டையும் கார அயோடைடையும் நீர்மட்டத்துக்குக் கீழே விட்டு மூடிக் கவிழ்த்துக் குலுக்கினால், பழுப்பு நிறத்தில் பஞ்சுபோலத் திரண்டு மெதுவாக இறங்கும். ஆக்சிஜன் இல்லாத நீர் என்றால் அது வெள்ளையாகவே நிற்கும். ஆய்வகத்துக்கு வந்து அமிலம் சேர்த்ததும் திரள் கரைந்து தேன் நிறமாகும். தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளிர் மஞ்சளாக ஆனதும் ஸ்டார்ச் சேர்த்தால் கருநீலம். அப்புறம் ஒரே ஒரு சொட்டில் அந்த நீலம் மறைகிற கணம் இருக்கிறதே, அதைக் கண்ணால் பிடிக்கக் கற்றவர்கள் கருவி காட்டும் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப மாட்டார்கள். வைவாவில் இந்த முறையைப் பற்றி எப்படித் திருப்பிக் கேட்டாலும் தடுமாறவும் மாட்டார்கள்.

மிதவை உயிரிகளைப் பற்றி ஒரு விஷயம். பிளாங்டன் வலையை இழுத்து முடித்ததும் வழக்கமாக மாதிரியில் ஃபார்மலின் ஊற்றிப் பாதுகாப்பார்கள். எண்ணிக்கை எடுக்க அது தேவைதான். ஆனால் ஊற்றுவதற்கு முன்னால் கொஞ்சத்தைத் தனியே எடுத்து வைத்து, உயிரோடு நுண்ணோக்கியில் பாருங்கள். கோப்பிபாட் என்ற சிறு ஓட்டுடலி சும்மா மிதந்துகொண்டே இருந்துவிட்டு, சட்டென்று ஒரு துள்ளு துள்ளி வட்டத்தை விட்டே போய்விடும். தலையில் நீண்ட முள் நீட்டிக்கொண்டிருக்கும் நண்டின் இளம்பருவம் வாலைச் சுருட்டிச் சுருட்டி நீந்தும். அம்புப்புழு கண்ணாடிக் குச்சியாக அசையாமல் கிடந்து, இரை பக்கத்தில் வந்ததும் பாயும். ஜெல்லிமீன் போன்ற உடலுள்ள சீப்பு இழுதுகள் ஃபார்மலினில் சிதைந்தே போய்விடும். பாதுகாத்த மாதிரியை மட்டும் பார்த்துப் படித்தவருக்கு அவை கடலில் இருந்ததே தெரியாமல் போகலாம். உயிரோடு பார்த்துப் பழகியவர்களுக்கு, செய்முறைத் தேர்வில் நிறமிழந்து சுருண்டு கிடக்கும் மாதிரியைக் காட்டினாலும் பெயர் சட்டென்று நாக்கில் வரும்.

கடற்கரைக் களப்பணிக்கு உங்கள் வகுப்பு அட்டவணை உதவாது, கடல் வற்றுகிற நேரம்தான் கணக்கு. பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் வற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகமாக உள்வாங்கும், பல இடங்களில் ஓரிரு நாள் தாமதமாக. அந்த மாதத்தில் கரையின் அடிப்பகுதியைப் பார்க்க அதுதான் வாய்ப்பு. ஓத அட்டவணையைப் பார்த்து, வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இடத்தில் இருங்கள். நீர் இறங்க இறங்கக் கூடவே இறங்கி, அரை மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து அதற்குள் இருக்கும் உயிரிகளை எண்ணிக்கொண்டே போய், திரும்பும்போது ஏற்றம் உங்களைத் துரத்தாமல் மேலே வந்துவிட வேண்டும். புரட்டிய கல்லை இருந்தபடியே திருப்பி வையுங்கள். அதன் அடியில் ஒட்டியிருப்பவை வெயில் பட்டால் செத்துவிடும். அனுமதி இல்லாமல் எதையும் எடுத்துவரக் கூடாது; பாதுகாக்கப்பட்ட இனங்களின் பட்டியலைக் கிளம்பும் முன்பே படித்துவிடுங்கள்.

அப்புறம் சேறு. இதைப் பெரும்பாலானவர்கள் தவிர்ப்பார்கள். வான் வீன் கிராப் என்ற மண் அள்ளும் கருவியை இறக்கி அடிமண்ணை அள்ளி, அரை மில்லிமீட்டர் சல்லடையில் கழுவி, ரோஸ் பெங்கால் சாயம் சேர்த்தால் உயிரிகள் மட்டும் இளஞ்சிவப்பாகத் தெரியும். அவற்றை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரிக்க நாள்கணக்கில் ஆகும். ஆய்வு மாணவர்களுக்கு இதற்கு எப்போதும் ஆள் தேவை. முன்முடிவு இல்லாமல் போய் உட்கார்ந்தால், பல்முட்புழுக்களை (பாலிகீட் என்ற கடற்புழுக்களை) குடும்பவாரியாகப் பிரிக்கும் பயிற்சி பக்கத்திலேயே ஒருவர் இருந்து சொல்லித்தரக் கிடைக்கும். வகைப்பாட்டில் தேர்ந்தவர்கள் உலகெங்கும் குறைந்து வருகிறார்கள். இந்தத் திறமைக்கு மவுசு குறையாது.

சீசா மேல் மட்டும் பெயர் எழுதாதீர்கள். ஆல்கஹால் பட்டால் மை அழியும். தடித்த காகிதத்தில் பென்சிலால் இடம், நாள், நேரம், எடுத்தவர் பெயர் எழுதி சீசாவுக்கு உள்ளேயே போடுங்கள். களக் குறிப்பேட்டிலும் பென்சில்தான்.

வளாகத்தில் கடல்நீர்த் தொட்டிகள் இருந்தால் பராமரிப்பு வேலையைக் கேட்டு வாங்குங்கள். புதிய தொட்டியில் அம்மோனியா ஏறி, அது நைட்ரைட்டாகி, பிறகு நைட்ரேட்டாக மாறும் வரிசை நிலைபெறச் சில வாரம் பிடிக்கும். அந்தப் பொறுமை இல்லாமல் உயிரிகளை விட்டால் அவை தாங்காது. தொட்டி பார்க்கிறவர்களுக்கு விடுமுறை நாளிலும் வேலை உண்டு, இரவில் மின்சாரம் போனால் எழுந்து ஓட வேண்டியும் வரும். அதற்குக் கைம்மாறாக, விலங்குகளின் பழக்கத்தை நாள் முழுக்கப் பார்க்கிற வாய்ப்பு கிடைக்கிறது.

இந்த இடத்தில் ஒசாமு ஷிமோமுராவின் கதையைச் சொல்லாமல் நகர முடியாது. 1961 கோடையில் அவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஃபிரைடே ஹார்பர் கடல் ஆய்வு வளாகத்துக்குப் போனார். படகுத்துறை ஓரமாக மிதந்து வந்த ஜெல்லிமீன்களைக் கைவலையால் அள்ளி, ஒளிரும் விளிம்பை மட்டும் வெட்டியெடுத்து, அதில் இருந்து ஒளிதரும் பொருளைப் பிரிக்க முயன்றார். எளிதில் அகப்படவில்லை. ஒருநாள் வேலை முடிந்து மிச்சக் கரைசலைத் தொட்டிச் சாக்கடையில் கொட்டியபோது பளீரென்று நீல ஒளி எழுந்தது. மீன்தொட்டியில் இருந்து வழிந்த கடல்நீர் அந்தச் சாக்கடையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீரில் உள்ள கால்சியம்தான் ஒளியைத் தூண்டுகிறது என்று அதில் இருந்து புரிந்துகொண்டார். அந்த ஜெல்லிமீனில் கூடவே கிடைத்த பச்சை ஒளிர்புரதம் பின்னாளில் உயிரணு ஆய்வையே மாற்றியது. 2008-இல் மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் ஆகியோருடன் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. படகுத்துறை, கைவலை, கடல்நீர் ஓடும் தொட்டி மூன்றும் ஒரே கூரைக்குப் பக்கத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கப்பல் பயணம் கிடைத்தால் கட்டாயம் போங்கள். உப்பு, வெப்பம், ஆழம் மூன்றையும் அளக்கும் சிடிடி கருவி இறங்கி ஏறும்போது உப்பும் வெப்பமும் ஆழத்தோடு மாறுவதைத் திரையில் பார்ப்பது தனி அனுபவம். தண்ணீர்ப் பாட்டில்கள் மேலே வந்ததும் ஆக்சிஜன் போன்ற வாயுக்களுக்கான மாதிரியைத்தான் முதலில் எடுப்பார்கள், மற்றதெல்லாம் பிறகு. கடல்நோய் மாத்திரையைக் கப்பல் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள். குமட்டல் ஆரம்பித்தால் மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பாருங்கள். டைவிங்கைப் பொறுத்தவரை, சான்றிதழும் உடல்தகுதியும் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கடல் அறிவியலில் பெரும்பகுதி உங்களுக்குத் திறந்தே இருக்கிறது.

ஆய்வுத் தலைப்பை வளாகத்தின் வாசலில் என்ன இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது, பிச்சாவரம் அலையாத்திக் காடும் கிட்டத்தில்தான். அங்கே இருப்பவர் கழிமுகத்தைப் படிப்பது இயல்பு. பாறைக் கரையில் இருக்கும் நிலையத்தில் வேறு கேள்விகள் முளைக்கும். ஆன்டன் டோர்ன் 1872-இல் நேப்பிள்ஸில் நிலையம் நிறுவியதும், அந்த வளைகுடாவின் உயிரிகளை ஆய்வு மேசைக்கு அருகிலேயே கொண்டுவருவதற்காகத்தான். நடந்து போகும் தூரத்தில் இருக்கும் இடம் என்றால் மாதிரி கெட்டாலும் மறுநாளே மறுபடி எடுக்கலாம். படகும் அனுமதியும் தேவைப்படும் இடத்தில் ஒரு நாள் தவறினால் ஒரு பருவமே போய்விடும்.

உங்கள் அளவீட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆர்கோ மிதவைகளின் (கடலில் தானாக மிதந்து அளவெடுக்கும் கருவிகளின்) தரவு இருக்கிறது. உலகக் கடல்களில் ஏறக்குறைய 4,000 மிதவைகள் 2,000 மீட்டர் ஆழம்வரை போய், சுமார் 10 நாளுக்கு ஒருமுறை மேலே வந்து தகவல் அனுப்புகின்றன. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம். ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழி கொஞ்சம் பழகிவிட்டால், கரையில் நீங்கள் எடுத்த வெப்பநிலையை வெளிக்கடலோடு ஒப்பிட்டு ஒரு சிறு திட்டக் கட்டுரையே எழுதிவிடலாம்.

வாய்ப்பு கேட்கும்போது "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள் சார்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "செவ்வாய், வியாழன் காலையில் நான் சும்மாதான் இருக்கிறேன், சேறு பிரிக்க வரலாமா மேடம்?" என்று கேட்டால் பதில் உடனே வரும். பேராசிரியரிடம் மட்டும் கேட்டுவிட்டு நிற்காதீர்கள். ஆய்வு மாணவர்கள், ஆய்வக உதவியாளர், படகோட்டி அண்ணன் ஆகியோருக்குத்தான் எந்த வாரம் எங்கே போகிறார்கள், படகில் எத்தனை இடம் காலி என்பது தெரியும். படகோட்டி அண்ணனுக்கு நீரோட்டமும் காற்றும் அத்துப்படி. இன்றைக்கு வேண்டாம் என்று அவர் சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் திரும்பிவிடுங்கள். கோடைக்காலப் பயிற்சிகளுக்குப் பல மாதம் முன்னதாகவே விண்ணப்பம் கேட்பார்கள். பரிந்துரைக் கடிதம் எழுதுகிறவர் உங்களோடு களத்தில் நின்றவராக இருந்தால், நீங்கள் என்ன வேலை செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள் என்று அவரால் பெயர் சொல்லி எழுத முடியும். ஆகவே முதல் பருவத்திலேயே போய்ப் பெயர் கொடுத்துவிடுங்கள்.