காய்ச்சல் விட்டு மூன்று மாதம் கழித்து எடுங்கள்

பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கமிருந்து குழந்தைக்காக விந்துப் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, "இந்த மூணு மாசத்துல காய்ச்சல் வந்துச்சாண்ணே?" என்றுதான். டெங்கு, சிக்குன்குனியா, கொரோனா எதுவானாலும், உடம்பு அனலாகக் கொதித்திருந்தால் கணக்கில் சேரும்.

விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும். அது முதிர்ந்து வெளியேற இன்னும் ஓரிரு வாரம். விரைப்பை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிர்ந்திருந்தால்தான் இந்த வேலை ஒழுங்காக நடக்கும். காய்ச்சல் அதைக் கெடுக்கிறது. ஆனால் பாதிப்பு அன்றைக்கே தெரியாது. சில வாரம் கழித்து, காய்ச்சலே மறந்துபோன நேரத்தில், எண்ணிக்கையும் ஓட்டமும் சரியும். அந்த ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்தே பலர் இடிந்துபோகிறார்கள். காய்ச்சல் விட்டு மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்தால் பெரும்பாலும் தேறியிருக்கும்.

பொன்னுக்கு வீங்கி அப்படியல்ல. வயதுக்கு வந்த ஆணுக்கு வந்தால் வைரஸ் விரையையே தாக்கலாம். கன்னம் வீங்கிய சில நாளில் விரையும் வீங்கி வலிக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான், முழு மலட்டுத்தன்மை அரிது. ஆனால் விரையில் திடீர் வலி வந்தால் காத்திருக்கவே கூடாது. விரை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் காப்பாற்ற முடியும்.

நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடலில் தூக்கம் கெடுவது, எஞ்சின் அறை வெக்கை, கடன் கவலை எல்லாம் சேர்ந்தும் உடம்பைப் படுத்தும். மன அழுத்தம் நீடித்தால் மூளையிலிருந்து விரைக்குப் போகும் ஹார்மோன் தூண்டுதல் குறையும். விசைப்படகுக்காரர்கள் ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதுமே வந்துவிடுகிறார்கள். அப்போது எடுக்கும் விந்து மாசி, பங்குனியில் பட்ட பாட்டைத்தான் காட்டும். ஜூன் முதல் வாரத்தில் எடுத்தால் ஓய்வின் பலன் ஓரளவாவது தெரியும்.

எடுப்பதற்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். எண்ணெய், சோப்பு, எச்சில், கடையில் வாங்கும் ஆணுறை எதுவும் கூடாது. முதலில் வரும் துளிகளில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்தினால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். அரை மணி நேரத்துக்குள், மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் லேப்பில் சேர வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் பஸ்ஸுக்கே அதற்கு மேல் ஆகிவிடும், ஆகவே லேப்பிலேயே கொடுப்பது நல்லது. வீடு பக்கம் என்றால் டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக் கொண்டுவாருங்கள். ஐஸ் பெட்டியும் வேண்டாம், வெயிலில் காயும் பைக் டேங்க் கவரும் வேண்டாம்.

உலக சுகாதார அமைப்பின் 2021 கையேட்டுப்படி கீழ் எல்லை: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1.6 கோடி அணுக்கள், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம். இதற்குக் குறைந்தால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை. இரண்டு ரிப்போர்ட்டாவது பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது. மறுபடியும் அணுவே இல்லை என்று வந்தால் ஹார்மோன் பரிசோதனையும் விரை ஸ்கேனும் தேவை. உடம்பு ஏற ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அந்த ஊசியே விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடும், விட்ட பிறகும் திரும்பப் பல மாதம் ஆகலாம்.