‘றஃப்’ என்ற சொல்லுக்கு எத்தனை எதிர்ச்சொல்?

சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கையில் எழுதிய மாதிரித்தாளில், ஆங்கிலப் பந்தியொன்றில் ‘றஃப் எஸ்டிமேட்’ என்று வந்தது. அந்த இடத்துக்குப் பொருந்தும் எதிர்ச்சொல்லை எழுதச் சொல்லியிருந்தார்கள். யோசிக்காமல் ‘ஸ்மூத்’ என்று எழுதினேன். எட்டாம் ஆண்டில் மனப்பாடமாக்கிய பட்டியலில் அப்படித்தான் இருந்தது. வந்திருக்க வேண்டியது ‘எக்ஸாக்ட்’. அங்கே ‘றஃப்’ என்றால் கரடுமுரடு இல்லை, உத்தேசம்.

அந்தப் பிழை என்னை நிறைய நாள் உறுத்தியது. ஏனென்றால் அந்தச் சொல்லை நான் தினமும் பாவித்தேன். பள்ளிக்கூடப் பையில் ‘றஃப் கொப்பி’ இருந்தது. கணக்கைச் செய்துபார்க்கும் கொப்பிக்குக் கரடுமுரடு எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

திருகோணமலையில் இந்தச் சொல்லைப் படிக்கக் கடலைவிட நல்ல இடமில்லை. அப்பா கடலுக்குப் போகிறவர். வாடைக்காற்றுக் காலத்தில் காலையில் வானிலை அறிக்கை கேட்காமல் படகை இறக்க மாட்டார். வளிமண்டலவியல் திணைக்களத்தின் தமிழ் அறிக்கையில் ‘கொந்தளிப்பு’ என்று வருவதற்கு ஆங்கில அறிக்கையில் ‘றஃப்’ என்று வரும். அது சும்மா ஒரு வர்ணனை என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் அதற்கு அளவு உண்டு. உலக வானிலை அமைப்பின் அளவுகோலில் அலை 1.25 முதல் 2.5 மீற்றர் வரை என்றால் ‘மொடரேட்’, 2.5 முதல் 4 மீற்றர் வரை ‘றஃப்’. அதற்கு மேல் 6 மீற்றர் வரை ‘வெரி றஃப்’. கச்சான் என்ற தென்மேல் காற்றுக் காலத்தில் நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குப் படகுகள் போகும்போது அதே கடல் ‘காம்’. ஆக, கடலுக்கு எதிர்ச்சொல் ‘காம்’, மதிப்பீட்டுக்கு ‘எக்ஸாக்ட்’, சுவருக்கும் தோலுக்கும் ‘ஸ்மூத்’, ஆளைக் கையாளும் விதத்துக்கு ‘ஜென்டில்’. செய்துபார்க்கும் கொப்பிக்கு ‘ஃபெயர் கொப்பி’, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இதற்குப் பிறகு சொல்லும் பொருளும் என்று இரண்டு நிரல் போட்ட பழைய பட்டியலைக் கைவிட்டேன். அப்படிப்பட்ட பட்டியல்கள் மாணவரைக் கெடுக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். பெயரடையைத் தனியாக எழுதக்கூடாது. அதைத் தாங்கும் பெயர்ச்சொல்லோடு எழுத வேண்டும். பக்கத்திலேயே அந்த இடத்துக்கான எதிர்ச்சொல். ஒரு சொல்லுக்கு நான்கு வரி போதும். கிழமைக்கு ஐந்து சொல்தான் செய்தேன், ஆனால் ஒவ்வொன்றுக்கும் எங்கள் வீட்டிலோ தெருவிலோ நடந்த ஒன்றை வைத்து ஒரு வசனம் எழுதினேன்.

நாங்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. கண்டிப்பான ஆசிரியரை ‘றஃப்’ என்று எழுதிவிடுவோம்; அவர் ‘ஸ்ட்ரிக்ட்’. ‘றஃப்’ என்றால் முரட்டுத்தனமானவர் என்றாகிவிடும். மற்றது, ‘றஃப்லி’. முரட்டுத்தனமாக என்ற பொருளும் அதற்கு உண்டு. ஆனால் பின்னால் ஓர் எண் வந்தால் அது ‘ஏறத்தாழ’ தான். ‘றஃப்லி ஐம்பது பேர்’ என்பதை ‘முரட்டுத்தனமான ஐம்பது பேர்’ என்று விளங்கிக்கொண்டால் பந்தி முழுவதும் பிழைத்துவிடும்.

எழுத்துக்கூட்டலையும் கவனியுங்கள். கடைசியில் வரும் ஜி, எச் இரண்டும் சேர்ந்து ‘ஃப்’ என்று ஒலிக்கின்றன. ‘இனஃப்’, ‘டஃப்’ இரண்டும் இதே கூட்டம். மூன்றையும் ஒன்றாக எழுதிப் பழகினால் மறக்காது.

தங்கச்சி இந்த முறை பரீட்சை எடுக்கிறாள். நேற்று ‘லைட்’ என்ற சொல்லுக்குப் பக்கம் திறந்தாள். பைக்கு ‘ஹெவி’, நிறத்துக்கு ‘டார்க்’ என்று எதிர்ச்சொற்களைச் சரியாகவே எழுதியிருந்தாள். சாயம் கூடிய தேத்தண்ணிக்கும் ‘டார்க்’ என்று போட்டிருந்தாள். அதை வெட்டி ‘ஸ்ட்ரோங்’ என்று எழுதிக் கொடுத்தேன்.