மொச்சையும் கோழியும்: தேங்காய் அரைக்காத ஒரு குழம்பு

அரைக் கிலோ கோழியில் நான்கு பேர் வயிறாரச் சாப்பிட வேண்டும். எண்ணெய் மிதக்கக் கூடாது, தேங்காய் அரைக்கக் கூடாது, குழம்பு மட்டும் கெட்டியாக இருக்க வேண்டும். இத்தனைக்கும் ஈடுகொடுத்தது காய்ந்த மொச்சைதான். கோழியில் புரதம் உண்டு, நார்ச்சத்து துளியும் கிடையாது. மொச்சையில் இரண்டும் உண்டு. மொச்சைக்குக் கருவாடுதான் ஜோடி என்று பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். கோழியோடு ஒருமுறை சேர்த்துப் பார்க்க வேண்டும், அத்தனை பொருத்தம்.

இந்தச் சமையலில் கோழிக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம், அரை மணி நேரத்துக்குள் வெந்துவிடும். மொச்சையை வேகவைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கோவையில் எங்கள் வீட்டில் சிறுவாணித் தண்ணீரும் வருகிறது, போர் தண்ணீரும் இருக்கிறது. ஒரே பொட்டலத்து மொச்சையை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைச் சிறுவாணியிலும் மறுபங்கைப் போர் தண்ணீரிலும் இரவெல்லாம் ஊறவைத்து, அந்தந்தத் தண்ணீரிலேயே வேகவைத்தேன். விசில் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். சிறுவாணியில் வெந்தது இரு விரல்களுக்கு நடுவே வெண்ணெயாக மசிந்தது. போர் தண்ணீரில் வெந்ததை அழுத்தினால் தோல் தனியே வழுக்கிக்கொண்டு போனது, உள்ளே பருப்பு நறநறத்தது.

சிறுவாணி மென்மையான தண்ணீர், எங்கள் போர் தண்ணீர் கடினத் தண்ணீர். கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும், பயறின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளை இறுக்கிவிடுகின்றன. சமையல் உப்பு இதற்கு நேர்மாறு. அதிலுள்ள சோடியம், கால்சியத்தின் இடத்தைப் பிடித்துத் தோலை இளக்குகிறது. உப்புப் போட்டால் பயறு வேகாது என்று இனி யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊறவைக்கும்போதே லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி உப்புச் சேர்க்கிறேன். காலையில் அந்த நீரைக் கொட்டிவிட்டு, அலசி, புது நீரில் வேகவைக்கிறேன். வாயுவைக் கிளப்பும் சர்க்கரைகளில் ஒரு பகுதியும் அதோடு போய்விடும். பயறை உண்மையிலேயே வேகவிடாமல் தடுப்பது புளிப்பு. அதனால் மொச்சை முழுதாக வேகும் வரை தக்காளியோ புளியோ அதன் பக்கம் போகக் கூடாது.

இப்போது நிலைத்திருக்கும் செய்முறை இது. 200 கிராம் மொச்சையைக் குக்கரில் வைத்து நான்கு விசில், பிறகு ஆவி தானாக அடங்கும் வரை விட்டுவிடுகிறேன். கோழியில் தோல் நீக்கிய தொடைக்கறியை எலும்போடு வாங்குகிறேன். நெஞ்சுக்கறி கொதிக்கும் குழம்பில் சக்கையாகிவிடுகிறது. இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயில் சீரகம், கறிவேப்பிலை, கைநிறையச் சின்ன வெங்காயம், பூண்டு ஆகியவற்றை வதக்கி, கறியைப் போட்டுப் பிரட்டி, வறுத்துப் பொடித்த மிளகும் மல்லியும் தூவி மூடுகிறேன். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, கறி விடும் நீரே போதும். பத்து நிமிடம் கழித்து ஒரு தக்காளி. அது கரைந்ததும் மொச்சையை வெந்த நீரோடு ஊற்றிவிடுகிறேன்.

குழம்பைக் கெட்டியாக்கும் வேலை இதற்குப் பிறகுதான். இரண்டு கரண்டி மொச்சையை வாணலியின் ஓரத்திலேயே மசித்து, குழம்போடு கலந்து, சிறு தீயில் பத்து நிமிடம் விடுகிறேன். நீர்த்துக் கிடந்த குழம்பு கரண்டியின் பின்புறத்தில் படிந்து நிற்கத் தொடங்குகிறது. அம்மா ருசி பார்த்துவிட்டு, “தேங்காய் எவ்வளவு அரைத்தாய்?” என்று கேட்டார்.

இதே முறையில் தட்டைப்பயறும் நன்றாக வந்தது. அது சீக்கிரம் வெந்துவிடும், அதிகம் ஊற வேண்டாம். குழம்பைவிட மிளகுத்தூள் தூக்கலாகப் போட்ட சுக்காவுக்குத்தான் ஏற்றது. மதிய டப்பாவில் சோறே வேண்டாம் என்கிற அளவுக்கு நிறைவாக இருக்கிறது. ராஜ்மாவில் மட்டும் எச்சரிக்கை தேவை. அதில் லெக்டின் என்ற நச்சுப்பொருள் அதிகம். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு நன்றாகக் கொதிக்கவைத்தால்தான் அது அழியும். கொதிநிலைக்கு வராத மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகவைப்பது ஆபத்து. குக்கரில் வேகவைத்தால் இந்தக் கவலை இல்லை.

அடுத்து தை மாதத்துப் பச்சை மொச்சை. ஊறவைத்துப் பிதுக்கித் தோல் நீக்கிய பருப்பு குக்கரே இல்லாமல் வெந்துவிடும் என்பதால், அதைக் கோழியோடு ஒரே சட்டியில் போட்டுப் பார்க்கப் போகிறேன்.