ஒரே தெருவில் இரண்டு 192.168.1.1

மாமாவுக்கு ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடை, திருப்பூரில் ஒன்று. இரண்டையும் இன்டர்நெட் வழியே ஒரே நெட்வொர்க்காக இணைக்க வேண்டும். பில்லிங் சாஃப்ட்வேர் ரொம்பப் பழசு. "சர்வர் எங்கப்பா இருக்கே?" என்று பிராட்காஸ்ட்டில், அதாவது நெட்வொர்க்கில் எல்லாருக்கும் கேட்கும்படி, கூவும், பதில் வந்தால்தான் திறக்கும். ஐபி முகவரி போட இடமே கிடையாது. தூரத்து நெட்வொர்க்குகளை இணைக்கும் விபிஎன்களில் வயர்கார்டு லேயர் 3, அதாவது ஐபி முகவரி பார்த்துத்தான் அனுப்பும்; இந்தக் கூவலைக் கடத்தாது. அதனால்தான் டிங்க் என்ற இன்னொரு விபிஎன், அதுவும் இரண்டு கடையையும் ஒரே ஸ்விட்ச்சில் செருகியதுபோல் ஆக்கும் ஸ்விட்ச் மோடில்.

இரண்டு கடைக்கும் பப்ளிக் ஐபி, அதாவது வெளியிலிருந்து நேரே எட்டக்கூடிய முகவரி, இல்லை. பிராட்பேண்டுக்காரர்களுக்கு நாலு முறை போன் போட்டேன். "நெட் வருதுல்ல சார், அப்புறம் என்ன?" நாலு முறையும் இதே பதில். வெறுத்துப்போய் ஒரு விபிஎஸ் (இன்டர்நெட்டில் வாடகை சர்வர்) எடுத்து நடுவில் நிறுத்தினேன். கடைக்கு ஒரு ராஸ்பெர்ரி பை, கையளவுக் கம்ப்யூட்டர் (இனி வெறும் 'பை'). டிங்குக்கு மறையாக்கச் சாவி உருவாக்கி, மெஷின்கள் ஒன்றையொன்று அடையாளம் காண உதவும் ஹோஸ்ட்ஸ் ஃபைல்களை மூன்று இடத்திலும் போட்டது ஒரு மாலை வேலை. நோட் (டிங்க் ஓடும் ஒவ்வொரு மெஷின்) பெயரில் மட்டும் ஹைஃபன் வைத்துவிடாதீர்கள். எழுத்து, எண், அண்டர்ஸ்கோர், அவ்வளவுதான் ஏற்கும். எனக்கு அதில் அரை மணி நேரம் போனது.

கனெக்ஷன் வந்தது, பிங் போகவில்லை. டீபக் 5 வைத்து, விவரமாக லாக் எழுதும்படி ஓடவிட்டால் விபிஎஸ் லாக்கில் ஒரே புலம்பல்: தெரியாத முகவரிக்கு ஏஆர்பி கேள்வி ('இந்த ஐபி யாருடையது?') வந்திருக்கிறதாம். கடை இரண்டிலும் 'மோட் = ஸ்விட்ச்' என்று எழுதியவன் விபிஎஸ்ஸில் எழுதவில்லை. எழுதாவிட்டால் அது ரௌட்டர் மோட். நடுவில் இருப்பவன் ரௌட்டர் மோடில் இருந்தால் பிராட்காஸ்ட் அங்கேயே செத்துவிடும்.

அடுத்து பிரிட்ஜ்: பையின் ஈதர்நெட்டையும் டிங்க் டன்னலையும் ஒன்றாகச் சேர்ப்பது. இங்கேதான் என் மானம் போனது. திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு, ஈரோட்டு பைக்குள் எஸ்எஸ்ஹெச்சில் (தூரத்திலிருந்து கமாண்ட் அடிக்கும் வழி) நுழைந்து, ஈதர்நெட்டை பிரிட்ஜுக்குள் தள்ளி என்டர் தட்டினேன். கர்சர் அப்படியே நின்றுவிட்டது. ஐபியை பிரிட்ஜுக்கு மாற்றாமல் ஈதர்நெட்டிலேயே விட்டிருந்தேன். பைக்கு இன்டர்நெட் போச்சு, டன்னலும் போச்சு. கடைப் பையனிடம் கரண்டைப் பிடுங்கி மாட்டச் சொல்லியிருக்கலாம். ஆனால் கடைச் சாவியோடு அவன் வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் காலை ஐம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போய் ஒரு வரி திருத்திவிட்டு வந்தேன். இப்போதெல்லாம் தூரத்து மெஷினில் நெட்வொர்க்கைத் தொடும் முன் 'ஐந்து நிமிஷத்தில் ரீபூட்' என்று ஷட்டவுன் கமாண்டைக் கொடுத்துவிட்டுத்தான் கை வைக்கிறேன். எல்லாம் சரியாக இருந்தால் கேன்சல். போன இடத்தில் இன்னொன்று: கேபிள் எட்டவில்லை என்று பையை வைஃபையில் போட்டிருந்தால் பிரிட்ஜ் வேலைக்கு ஆகாது. வைஃபையில் கிளையன்டாக இருக்கும் இன்டர்ஃபேஸை பிரிட்ஜ் சேர்த்துக்கொள்ளாது.

சனிக்கிழமை சாயங்காலம் மாமா போன். "ஏங்கண்ணு, நெட்டு வருது, போகுது, வருது, போகுது. கூட்டம் நிக்குது கண்ணு."

கல்லாப்பெட்டி கம்ப்யூட்டரில் ஏஆர்பி டேபிளைப் பார்த்தேன். 192.168.1.1-க்கு நேரே ஒரு மேக் முகவரி, அதாவது கருவியின் ஹார்ட்வேர் முகவரி. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் வேறு மேக். இரண்டு கடை மோடத்துக்கும் அதே 192.168.1.1! ஸ்விட்ச் மோடில் இரண்டு கடையும் ஒரே தெரு. யாருடைய 'நான்தான்' பதிவாகிறதோ அவன்தான் கேட்வே, வெளியே போகும் வாசல். பைக்கும் அதே கதிதான். திருப்பூர் மோடத்தை கேட்வே என்று நம்பி, டன்னலைச் சுமக்கும் பாக்கெட்டையே டன்னலுக்குள் அனுப்பும். உட்கார்ந்த கிளையை வெட்டுகிற வேலை. டன்னல் விழும், உள்ளூர் மோடம் பதில் சொல்லும், டன்னல் எழும், மறுபடி ஆரம்பம்.

திருப்பூர் மோடத்தை 192.168.1.254 ஆக்கினேன். மோடம் தானாக ஐபி கொடுக்கும் டிஹெச்சிபியில் ஈரோட்டுக்கு 10 முதல் 99, திருப்பூருக்கு 100 முதல் 199. இதோடு நிறுத்தினால் ஒரு கடை மெஷினுக்கு மற்றக் கடை மோடம் ஐபி கொடுத்துவிடும். ஆகவே இரண்டு பையிலும் ஈபிடேபிள்ஸ் (பிரிட்ஜுக்கான வடிகட்டி) போட்டு, டன்னல் பக்கம் போகும் யூடிபி 67, 68 (டிஹெச்சிபி பேசும் போர்ட்கள்) இரண்டையும் அடைத்தேன். ஒரே கடையில் ஸ்பேருக்கென்று இரண்டாவது பையையும் பிரிட்ஜ் செய்கிற யோசனை இருந்தால் கைவிடுங்கள். லூப் ஆகி இரண்டு கடையும் படுத்துவிடும்.

வேகம் மட்டும் மந்தம். பின்னணியில் ஓடும் டிங்க் டீமனுக்கு யூஎஸ்ஆர்2 சிக்னல் அனுப்பினால் நோட் விவரமெல்லாம் லாக்கில் கொட்டும். அதில் பிஎம்டியூ (ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய அளவு) மினிமம் பூஜ்யம். யூடிபி போகவே இல்லை என்று அர்த்தம். விபிஎஸ் ஃபயர்வாலில் டிங்கின் போர்ட் 655-ஐ டிசிபிக்கு மட்டும் திறந்திருந்தேன். டிங்க் அழாமல், மெதுவான டிசிபியிலேயே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது. யூடிபியையும் திறந்ததும் பில் சட்டென்று வந்தது.

திங்கட்கிழமை ஈரோட்டிலிருந்து கல்லாவில் இருக்கும் பெண் கூப்பிட்டாள். "அண்ணா, பில்லு சூப்பரா போகுதுங்கண்ணா. ஆனா பேப்பர் வரமாட்டேங்குது."

பிரிண்டரையும் அந்த சாஃப்ட்வேர் கூவித்தான் கண்டுபிடிக்கும். முதலில் பதில் சொன்னது திருப்பூர் பிரிண்டர். அங்கே போய்ப் பார்த்தால் ஈரோட்டு வேட்டி பில் பதினேழு, தரையில் சுருண்டு கிடந்தது.