கச்சான் காற்றில் கதிர்காமப் பாதை

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றில் உள்ள செல்வச்சந்நிதி முருகன் ஆலயத்திலிருந்து வேல் தாங்கிப் புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரை, வெருகல், சித்தாண்டி, மண்டூர், திருக்கோவில் எனக் கிழக்குக் கரையின் முருகன் தலங்களைத் தொட்டுக்கொண்டு கதிர்காமத்தைச் சேர ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஆகும். கதிர்காமத்தின் பெருந்திருவிழா ஆடியை ஒட்டி வருவதால், இந்த நடை முழுவதும் வெயில்காலத்திலேயே அமைந்துவிடுகிறது. தென்மேல் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரமற்ற வெறுங்காற்றாகக் கிழக்கே இறங்கும் மாதங்கள் அவை. மட்டக்களப்பார் கச்சான் என்று சொல்லும் அந்தக் காற்று வீசும் பகலில், நீராடி உடுத்த ஈரத்துணி அடுத்த ஊரை எட்டுவதற்குள் காய்ந்துவிடும். எப்போது எழுவது, எங்கே அமர்வது, எதை உண்பது, யாரோடு சேர்ந்து நடப்பது என அடியாரின் நாளை வகுத்துக் கொடுப்பது அந்த வெப்பமே. வீட்டிலிருந்தபடி எவ்வளவு முயன்றும் கைகூடாத ஒழுங்கை அது சில நாட்களிலேயே பழக்கிவிடுகிறது என்பதை நான் முழுமனதாக நம்புகிறேன்.

நான் மண்டூரில் இணைந்த குழுவில், அதிகாலை மூன்று மணியளவில் சங்கொலி எழும். கிணற்றிலோ குளத்திலோ நீராடி, வேலுக்குத் தீபம் காட்டி, வானம் வெளுக்குமுன் நடக்கத் தொடங்கிவிடுவோம். பத்து மணிக்குள் ஒரு கோயில் மண்டபத்தையோ நல்ல நிழலுள்ள மரத்தடியையோ சேர்ந்துவிட வேண்டும் என்பது குழுத் தலைவரின் கண்டிப்பான விதி. அங்கே சோறும் பருப்பும் ஒரு மரக்கறியும் சமைத்து உண்டபின், வெயில் தாழும்வரை எவரும் எழுவதில்லை. மாலையில் மீண்டும் நடை.

காட்டுவழிதான் கடினமானது என்று பலர் சொல்வார்கள். என் அனுபவத்தில் தார்வீதியே கடினமானது. திருக்கோவிலிலிருந்து பொத்துவில் நோக்கிச் செல்லும் வீதியில் நிழல் இல்லாத நீண்ட பகுதிகள் உண்டு. பகலில் குடித்த வெயிலைத் தார் பொழுது சாய்ந்த பிறகும் உள்ளங்காலுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். செருப்பணியாமல் நடப்பதென்று நேர்ந்துகொண்டவர்கள் வீதியோரப் புல்லில் கால் வைத்தால் அங்கே நெருஞ்சிமுள் காத்திருக்கும். இரவில் ஒருவர் காலை மற்றவர் மடியில் வைத்து முள் எடுப்பதும், கொப்புளங்களுக்கு வேப்பெண்ணெய் பூசுவதும் எங்கள் குழுவில் மாலைப் பூசையின் தொடர்ச்சியாகவே நடந்தன. பல ஆண்டுகளாக நடந்துவரும் வயதான அம்மா ஒருவர், என் காலுக்கு எண்ணெய் தடவியபடி, “தாகம் வர முந்திக் குடிக்கணும் மகள், வந்த பிறகு குடிக்கிற தண்ணி காலுக்குப் போய்ச் சேராது” என்றார். அன்றிலிருந்து அவர் சொன்ன நேரத்துக்கு, அவர் கரைத்துத் தந்த உப்புச் சேர்த்த தேசிக்காய்த் (எலுமிச்சை) தண்ணீரை மறுபேச்சின்றிக் குடித்தேன்.

வழியெங்கும் தாகசாந்திப் பந்தல்கள் இருந்தன. தமிழ் ஊர்களில் மோரும் கஞ்சியும், பொத்துவிலில் ஒரு முஸ்லிம் கடைவாசலில் வாளி நிறையச் சர்பத்தும், பாணமையில் சிங்கள வீடுகளின் முற்றத்தில் குளிர்ந்த குடத்து நீரும் கிடைத்தன. கொடுத்தவர்கள் எல்லோரும் பெற்றுக்கொண்டவர்களைக் கும்பிட்டார்கள்.

உகந்தை கடலோரத்தில் பாறைகள் சூழ்ந்த தலம். முருகப்பெருமான் கல்தோணியில் வந்து இறங்கிய இடம் என்பது ஐதிகம். பாறைமேல் உள்ள சுனைகள் அந்தக் கோடையிலும் நீர் வைத்திருந்தன. கூமுனைச் சரணாலயத்துக்குள் செல்லும் காட்டுப்பாதை திறக்கப்படும் நாள்வரை அடியார்கள் இங்கே திரள்வார்கள். போர்க்காலத்தில் பல ஆண்டுகள் ஆளரவமின்றிக் கிடந்த பாதை அது. இன்று அதில் குழந்தைகளைத் தோளில் சுமந்தபடி குடும்பங்கள் நடப்பதைக் காணும்போது மனம் நெகிழ்கிறது.

காட்டுக்குள் நாளின் கணக்கெல்லாம் தண்ணீரைச் சுற்றியே அமைகிறது. யானைகளின் நடமாட்டம் இருப்பதால் நிலம் தெளிவாகத் தெரியும்வரை புறப்பட முடியாது. ஆகவே குளிர்ந்த வேளையின் ஒரு பகுதி கழிந்துபோகும். குமுக்கன் ஆற்றில், கரையோர மருதமரங்களின் நிழலில், போதிய நீர் இருந்தது. அதைக் கடந்து நாவலடி, வியாழை என்று செல்லச் செல்ல மணலும் முட்புதரும் வெயிலுமே துணை. வடிகால்கள் வெறும் மணற்படுகைகளாகக் கிடந்தன. அவற்றில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டினால் முதலில் கலங்கல் ஊறும். அதைச் சிரட்டையால் இறைத்து வெளியே ஊற்றிவிட்டு, பொறுமையாகக் காத்திருந்தால் தெளிந்த நீர் மெல்லத் திரளும். அந்தக் காத்திருப்பில் எவரும் முண்டியடிக்கவில்லை. முதல் சிரட்டை நீர் வேலுக்கு. அடுத்தது குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும். அதன் பிறகே நடக்க வலுவுள்ளவர்களுக்கு. ஊற்றை மூடாமல் விட்டுச் செல்ல வேண்டும் என்றார் தலைவர். இரவில் மானும் பன்றியும் வந்து குடிக்கும். பாலைமரங்கள் பழுத்திருந்த காலம் ஆதலால் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கித் தின்றபடி நடந்தோம். கரடியும் அதே பழத்தைத் தேடி வரும் என்பதால், கூட்டமாக அரோகரா சொல்லிக்கொண்டே மரத்தடிக்குச் சென்றோம்.

ஆங்கிலேயர் காலத்தில், 1870களில், வாந்திபேதி பரவும் என்ற அச்சத்தால் அரசு இந்த யாத்திரைக்குக் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தது. இன்று குறிப்பிட்ட இடங்களில் பவுசர் எனும் தண்ணீர் வண்டிகளில் நல்ல நீர் வருகிறது. மருத்துவ உதவியும் கிடைக்கிறது. அதற்காக நன்றியுடையவளாக இருக்கிறேன். ஆனால் போத்தல்களையும் பொலித்தீன் பைகளையும் பாதையோரத்தில் வீசிவிட்டுச் செல்வதைப் பார்க்கும்போது நெஞ்சு எரிகிறது. வள்ளி பிறந்து வளர்ந்த காடு என்று நாம் வணங்கும் மண் இது. இங்கே யானை தின்னும் புல்லோடு நம் குப்பையும் சேர்ந்து அதன் வயிற்றுக்குள் போவது, எந்த நேர்த்தியாலும் ஈடுசெய்ய முடியாத பாவம். பூசைப் பொருட்களைத் துணிப்பையிலும், தண்ணீரை மீண்டும் நிரப்பக்கூடிய கலனிலும் கொண்டு வாருங்கள் என்று ஒவ்வொரு குழுவையும் கைகூப்பிக் கேட்கிறேன்.

கட்டகாமம் கடந்து கதிர்காமத்தை அடைந்ததும் முதலில் மாணிக்க கங்கையில் இறங்கினோம். அத்தனை நாள் துளித்துளியாக அளந்து குடித்த நீர் இடுப்பளவு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஈரத்துணியோடு சந்நிதிக்குச் சென்றோம். அங்கே கருவறையைப் பார்க்க முடியாது. வள்ளி தெய்வானையோடு முருகன் எழுதப்பட்ட திரைச்சீலையையே வணங்க வேண்டும். வாயைத் துணியால் கட்டிய கப்புறாளையின், அதாவது அங்கே பூசை செய்யும் சிங்களப் பூசகரின், கையில் பூசைத்தட்டைக் கொடுத்துவிட்டு, திரையின் முன் நின்று அழுதேன். கேட்பதற்கென்று மனத்தில் வைத்திருந்தவை எவையும் நினைவுக்கு வரவில்லை. நன்றி மட்டுமே வந்தது.

தீர்த்தம் முடியும்வரை தங்குவதென்று முடிவுசெய்திருந்ததால், மறுநாள் காலையில் கால் வலி குறைந்தவர்கள் சிலர் காட்டின் எல்லையில் இருந்த பந்தலுக்குத் திரும்பிச் சென்று, பின்னால் வருவோருக்குத் தேசிக்காய் கரைத்துக் கொடுக்கும் பணியில் சேர்ந்தோம். உகந்தையிலிருந்து புறப்பட்ட பெருங்கூட்டம் இன்னும் வழியிலேயே இருந்தது.