பழைய கிரெனாஷ் கொடிகளும் கொழும்பு வெக்கையும்

கிரெனாஷ் எண்ட திராட்சையில செய்யிற சிவப்பு வைனை கிளாசுக்குள்ள ஊத்தின உடன நிறம் வெளிறிக் கிடக்கே எண்டு ஒதுக்காதீங்கோ. இந்தத் திராட்சைக்குத் தோல் மெல்லிசு, அதால நிறமும் குறைவு, வாயை இறுக்கிற துவர்ப்பும் குறைவு, ஆனா அல்கஹோல் 14, 15 வீதம் வரைக்கும் போகும்.

கொடிக்கு வயசு போகப்போகக் காய்ப்புக் குறையும், வேர் ஆழத்துக்குப் போகும், காய்க்கிற கொஞ்சத்தில சுவை இறுகி நிக்கும். தெற்கு அவுஸ்திரேலியாவில பரோசாப் பக்கம் 1848இல நட்ட கிரெனாஷ் கொடிகள் இண்டைக்கும் காய்க்குது, ஐரோப்பாவில தோட்டந்தோட்டமா வேரை அழிச்ச பிலொக்செராப் பூச்சி அங்க போய்ச் சேரேல்ல, அதாலதான் தப்பி நிக்குது. எனக்கு இதை நினைக்கவே மெய்சிலிர்க்கும். லேபல்ல பழைய கொடி எண்டு மட்டும் போட்டிருந்தாப் போதாது, அநேக நாடுகளில அதுக்குச் சட்டப்படி வயசெல்லை இல்லை, நட்ட வருசம் இருக்கோ எண்டு பாருங்கோ.

கொழும்பு வெக்கையில போத்தலை அப்பிடியே திறந்தா அல்கஹோல்தான் மூக்கில ஏறும். ஒண்டரை மணித்தியாலம் போல பிரிட்ஜில வச்செடுங்கோ, அப்ப ஸ்ட்ரோபெரி, வெள்ளை மிளகு, காய்ஞ்ச மூலிகை எண்டு ஒவ்வொரு வாசமா வரும். மிளகு தூக்கலாப் போட்ட ஆட்டிறைச்சிப் பிரட்டலோட அருமை. செத்தல் மிளகாய்க் கறியோட வேண்டாம், உறைப்பும் அல்கஹோலும் சேந்து எரிக்கும்.